டூப்ளே தெருவைத் தேடி ஷாங்காய்க்கு

தங்கை மகன் ஷாங்காயிலிருந்து அந்தப் பழைய வரைபடத்தைப் போனில் அனுப்பியபோது நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் நல்லெண்ணெய். "பெரியம்மா, பெரிசு பண்ணி மேற்குப் பக்கம் பாருங்க" என்று கீழே எழுதியிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு பெரிதாக்கினேன். எல்லாம் பிரெஞ்சு எழுத்து. ஷாங்காயில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கையில் வைத்திருந்த பகுதியின் தெருக்கள். பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நாக்கு நின்றுவிட்டது. 'ரூத் டூப்ளே'.

டூப்ளேவா! நம்ம டூப்ளேவா!

புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயர் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னராக இருந்தவர். அவரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் அவர் கோபமும் சிரிப்பும் பேராசையுமாக நடமாடுகிறார். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் அவருடைய சிலை நிற்கிறது. அதன் நிழலில் ஓடிப்பிடித்து விளையாடி வளர்ந்தவள் நான். பிறகு முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெயரைக் கரும்பலகையில் எத்தனை வகுப்புக்கு எழுதிக்காட்டியிருப்பேன்! அந்த மனிதர் இறந்தது 1763-ல். ஷாங்காயில் பிரெஞ்சுப் பகுதி உருவானதே 1849-ல். எண்பத்தாறு வருஷம் கழித்து, கடல்களுக்கு அப்பால், நம் ஊர் கவர்னரின் பெயரில் ஒரு தெருவா? அதை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வேறு யோசனை சொன்னார். "சீனா போறதுன்னா குவான்சோ போ. அங்க தமிழ்க் கல்வெட்டே இருந்துச்சாமே." உண்மைதான். குவான்சோ துறைமுகத்தில் 1281-ல் நம் வணிகர்கள் சிவன் கோயில் வைத்து, தமிழில் கல்லெழுத்தும் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் சோழர்களின் தூதர்கள் சீனத்துக்குக் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். சீனி, சீனச்சட்டி, சீனாக்காரம் என்று நம் அடுப்படியிலேயே அந்தப் போக்குவரத்து மிச்சமிருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோதும் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தனவே. ஆனால் அது தமிழர் எல்லோருக்கும் பொதுவான பெருமை. டூப்ளே தெரு என் ஊருக்கு மட்டும் சொந்தமான ஆச்சரியம். குவான்சோவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொண்டேன்.

ஏற்பாடுகள் இரண்டு மாதம் பிடித்தன. விசாவுக்குப் பாஸ்போர்ட் டெல்லி வரை போய்த் திரும்பியது. 2020-ல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி பறக்க ஆரம்பித்திருந்தன. அவற்றைப் பிடிக்க வடக்கே போகவேண்டியிருந்தது. நான் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போவதென்று வைத்துக்கொண்டேன். தங்கை மகன் தினமும் பாடம் நடத்தினான். "அங்க கூகுள் வராது, வாட்ஸாப் வராது பெரியம்மா. உங்க இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுக்கிட்டு வாங்க, அதுல வரும்." அங்கே எல்லோரும் பேசிக்கொள்ளும் வீசாட் செயலி நம் நாட்டில் 2020-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பணம் கொடுப்பதற்கு அலிபே. அதில் நம் வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளலாம், வந்து இறங்கியதும் செய்து தருகிறேன் என்றான். எனக்கு இதில் பெரிய வியப்பில்லை. பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாவே கட்டம்போட்ட அட்டையைக் கூடை மேல் சாத்திவைத்திருக்கிறாள். "சீனப் புத்தாண்டு சமயத்துல மட்டும் வராதீங்க, நாடே ரயில்ல இருக்கும்" என்றான். நவம்பர் கடைசி என்று முடிவாயிற்று. அந்த மாதம்தான் மரங்களின் இலை மஞ்சளாகும் என்றான். இலை மஞ்சளாவதைப் பார்க்க விமானம் ஏறவேண்டுமா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஊரில் கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த நாளில் புறப்பட்டு, மறுநாள் காலை புதோங் விமான நிலையத்தில் இறங்கினேன். கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது குளிர். 7 டிகிரி. எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது காலில் ஏறும் சிலிர்ப்புதான். இது வேறு ஜாதிக் குளிர். காது மடல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது! மூக்கு நுனி எரிந்தது. மூன்று அடுக்கு உடுத்தியிருந்தும் முதுகுத்தண்டில் யாரோ ஈரத் துணியை வைத்து இழுப்பதுபோல இருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது. தங்கை மகனைக் கண்டதும் "டேய், பாருடா புகை!" என்றுதான் முதலில் சொன்னேன்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் காந்த ரயில் போகிறது. தண்டவாளத்தைத் தொடாமல், காந்த விசையில் மிதந்து ஓடும் வண்டி. 30 கிலோமீட்டரை 8 நிமிடத்தில் கடக்கிறது. பெட்டிக்குள் வேகத்தைக் காட்டும் பலகையில் எண்கள் ஏற ஏற என் கை தானாகக் கம்பியைப் பிடித்தது. 150… 220… 300. அதற்கு மேல் ஏறவில்லை. முன்பெல்லாம் 431 வரை போகுமாம். எதிரே ஒரு பாட்டி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போக எத்தனை ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறேன்! இந்த வேகத்தில் சென்னை அரை மணி நேரம். காலையில் சாம்பார் வைத்துவிட்டுப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

தங்கை மகனின் வீடு பதினாறாம் மாடி. மின்தூக்கியில் 4-ம் எண்ணையே காணோம். சீனத்தில் 'நான்கு' என்ற சொல் 'சாவு' என்பதுபோல ஒலிக்கும், அதனால் பல கட்டடங்களில் அந்த எண்ணைப் போடுவதில்லை என்றான். வீட்டுக்குள் போனதும் சால்வையைக் கழற்றப் போனேன். "கழற்றாதீங்க" என்றான். உள்ளேயும் அதே குளிர்! 1950-களில் அரசாங்கம் ஹுவாய் ஆற்றையும் சின்லிங் மலையையும் சேர்த்துக் கோடு கிழித்து, அதற்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு மட்டும் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வசதி செய்ததாம். ஷாங்காய் கோட்டுக்குத் தெற்கே மாட்டிக்கொண்டது. அதனால் பெய்ஜிங்கில் வீட்டுக்குள் பனியனோடு உட்காரலாம், ஷாங்காயில் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் சோறு தின்னவேண்டும்.

மறுநாள் காலை தெருமுனையில் முதல் சாப்பாடு. வட்டமான பெரிய கல், பக்கத்தில் மாவுப் பானை. ஓர் அம்மாள் ஒரு கரண்டி மாவை ஊற்றி, ஆங்கில 'T' எழுத்தைப்போன்ற மரக்கட்டையால் ஒரே சுற்றில் இழைத்தார். தோசை! நான் பதினைந்தாயிரம் தோசையாவது சுட்டிருப்பேன், அந்த மணிக்கட்டுச் சுழற்சி எனக்குத் தெரியும். ஆனால் அதன் மேல் முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாளும் கொத்துமல்லியும் தூவி, பழுப்பு நிறத்தில் உப்பும் இனிப்புமாக ஒரு விழுதைத் தடவி, நடுவில் நம் அப்பளம்போல நொறுங்கும் ஒன்றை வைத்து மடித்தபோது கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஜியான்பிங் என்று பெயர். 10 யுவான், ஒரு யுவான் அப்போது நம் பணத்தில் சுமார் 12 ரூபாய். காகிதப் பையில் சுடச்சுடக் கைக்கு வந்ததும் முதலில் இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்து ஒற்றிக்கொண்டேன். தங்கை மகன் அந்த அம்மாளை "ஆயி" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். சீனத்தில் சித்தி, அத்தை வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம், ஆயி என்போம். அன்று முழுக்க நானும் பார்க்கிற பெண்களையெல்லாம் ஆயி, ஆயி என்று அழைத்துக்கொண்டே திரிந்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள்.

தெருவில் என்னைத் திகைக்கவைத்தது சத்தமின்மை. சுமார் 2.5 கோடிப் பேர் வாழும் ஊர். எங்கள் புதுச்சேரி மாநிலம் முழுவதையும் 2011 கணக்குப்படி சேர்த்தாலே 12 லட்சத்துச் சொச்சம். ஆனால் இங்கே ஹாரன் இல்லை! ஸ்கூட்டர்கள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. பூனைபோல முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. அதிலும் ஓட்டுபவர்கள் வண்டியின் முன்னால் ஒரு மெத்தையைக் கட்டியிருக்கிறார்கள். மெத்தை என்றால் மெத்தைதான், பூப்போட்ட பஞ்சு மெத்தை. கை நுழைக்க இரண்டு உறை வேறு. மார்பு முதல் முழங்கால் வரை போர்த்திக்கொண்டு, படுக்கையறையையே ஓட்டிக்கொண்டு வருவதுபோல வருகிறார்கள். இன்னொரு பக்கம், பழைய சந்துகளில் பூப்போட்ட பஞ்சுப் பைஜாமாவோடு பெண்கள் காய்கறி வாங்கப் போகிறார்கள். 2010-ல் உலகக் கண்காட்சி நடந்த சமயத்தில் இதை விட்டுவிடும்படி நகர நிர்வாகம் கேட்டுப் பார்த்ததாம். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற எங்கள் தெருப் பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்களை யாரால் நிறுத்த முடியும்?

அன்று ஃபுஷிங் பூங்கா. இங்கேதான் என் ஊர் முதல்முறையாக எதிரே வந்து நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த இந்தப் பூங்காவைத் திறந்த நாள் 1909 ஜூலை 14. ஜூலை 14! பிரெஞ்சு தேசிய நாள். இன்றைக்கும் புதுச்சேரியில் அந்த நாளில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த முதியவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்தில் வந்து நிற்பார்கள். முந்தின ராத்திரி விளக்கு ஊர்வலம் போகும். என் பெரியப்பாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். அவர் சைகோன் வரை போய் வந்தவர். அந்தக் காலத்தில் சைகோன் போய்வந்த குடும்பங்களில் இன்றும் 'நெம்' என்னும் வியட்நாமியச் சுருளைப் பொரிப்பார்கள். இங்கே உணவகத்தில் அதன் அண்ணனைப்போல ஒரு பொரித்த சுருளைத் தட்டில் வைத்தபோது, பெரியம்மா வீட்டு அடுப்படி வாசம் அப்படியே வந்தது.

தொடக்கத்தில் இந்தப் பூங்காவுக்குள் சீனர்கள் நுழைய முடியாது. வெள்ளைக்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆயாக்களுக்கு மட்டும் விலக்கு. தங்கள் ஊரில் தங்களுக்கே வாசல் அடைப்பு. இன்று காலை எட்டு மணிக்கு அதே பூங்கா முழுவதும் அவர்களுடையது. ஒரு மூலையில் முப்பது ஜோடிகள் வால்ட்ஸ் ஆடுகிறார்கள், எல்லோருக்கும் எழுபது வயதுக்கு மேல். இன்னொரு மூலையில் தைச்சி. மரத்தில் முதுகை மோதிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்துப் பதறிவிட்டேன், அது உடற்பயிற்சியாம். எல்லோர் கையிலும் ஒரு குடுவை, அதில் வெந்நீர். உணவகத்தில் உட்கார்ந்ததும் வெந்நீர், ரயில் நிலையத்தில் வெந்நீர்க் குழாய், விமான நிலையத்தில் வெந்நீர்க் குழாய். சளி பிடித்தாலே சீரகத் தண்ணீர் போட்டுத் தரும் என் அம்மா இங்கே பிறந்திருந்தால் நகரத்தையே ஆண்டிருப்பார்.

அங்கேதான் அந்த முதியவரைப் பார்த்தேன். நீளக் கம்பின் முனையில் பஞ்சு வைத்த தூரிகை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நின்றபடியே கல் பாவிய தரையில் தண்ணீரால் எழுதிக்கொண்டு போகிறார். கன்னங்கரேலென்று எழுத்துகள் எழும்புகின்றன. வரிகள் நீள நீள முதல் எழுத்து மெல்ல மங்குகிறது. யாரும் கைதட்டவில்லை, அவரும் நிமிரவில்லை. அரிசிமாவுக் கோலத்தை மிதித்துக்கொண்டு போகிறவர்களைக் கோபிக்காத ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த மனம் புரியாதா? நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, தூரிகையை என் பக்கம் நீட்டினார். 'உங்கள் எழுத்து' என்று சைகை. கம்பு நான் நினைத்ததைவிடக் கனம். 'புதுச்சேரி' என்று எழுதினேன். 'ரி' கோணிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்து, 'பு'வின் வளைவை விரலால் காற்றில் வரைந்து, கட்டைவிரலை உயர்த்தினார். குளிரில் தண்ணீர் சீக்கிரம் காயவில்லை. என் ஊர்ப் பெயர் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஷிங்யே சாலை. செங்கல் சுவர், கல் நிலை, கறுப்பு மரக்கதவு வைத்த வரிசை வீடுகள். திண்ணை மட்டும் இருந்தால் எங்கள் வைசியாள் தெரு என்றே சொல்லிவிடலாம். 76-ம் எண் வீட்டில்தான் 1921 ஜூலை 23 அன்று 13 சீனப் பிரதிநிதிகள் கூடிச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாட்டைத் தொடங்கினார்கள். அவர்களில் இளைஞர் மாவோவும் ஒருவர். ஒரு வாரம் கழித்து முன்பின் தெரியாத ஆள் ஒருவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். உடனே கலைந்து, ஜியாஷிங் ஏரியில் ஒரு படகில் போய் மாநாட்டை முடித்தார்கள். மேசையைச் சுற்றித் தேநீர்க் கோப்பைகள் வைத்த அந்தச் சின்ன அறையைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மாதாங் சாலையில் இன்னொரு வீடு. ஜப்பான் கொரியாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், கொரியர்கள் 1919-ல் ஷாங்காயில் தங்களுடைய தற்காலிக அரசாங்கத்தை அமைத்தார்கள். 1926 முதல் 1932 வரை அது இயங்கிய இடம் இந்தக் குறுகலான மாடிப்படி வீடு. ஒரு கொரியத் தாத்தா படியேறும்போது சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அவர் உதடு துடித்ததைப் பார்த்தேன்.

இரண்டு வீடுகளும் பிரெஞ்சுப் பகுதியில். ஏன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1908-ல் பாரதி பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி எங்கள் ஊருக்கு வந்தது எதனால்? 1910 ஏப்ரலில் அரவிந்தரும் அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தது எதனால்? ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். "எல்லைக்கு இந்தப் பக்கம் வெள்ளையன் ஆட்சி, அந்தப் பக்கம் இன்னொரு வெள்ளையன் ஆட்சி, நடுவில் கிடைத்த இடுக்கில்தான் இவர்கள் மூச்சுவிட்டார்கள்" என்று சொல்வேன். அது இரக்கத்தில் கிடைத்த நிழல் இல்லை. இரண்டு வல்லரசுகளுக்கு ஒன்றை ஒன்று பிடிக்காததால் விழுந்த நிழல். அங்கேயும் உளவாளிகள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், இங்கேயும் எட்டிப் பார்த்தார்கள். என்றாலும் அந்த இடுக்குக்குள் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தன. இங்கே ஒரு கட்சி பிறந்தது, நாடிழந்தவர்களுக்கு ஓர் அரசாங்கம் நடந்தது. முப்பது வருஷமாக எங்கள் ஊருக்கு மட்டும் வாய்த்தது என்று நான் நினைத்திருந்த கதைக்கு உடன்பிறப்பு இருக்கிறதே என்று மாதாங் சாலை நடைபாதையில் நின்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. தங்கை மகன் குளிர்காற்று என்று நினைத்து மஃப்ளரை இழுத்து மூடிவிட்டான்.

எங்கள் ஊரைப்போல இங்கேயும் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கிறது, இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே! யாங்ஜிங்பாங் ஓடை. தெற்கே பிரெஞ்சுக்காரர்கள், வடக்கே பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் சேர்ந்து நடத்திய குடியிருப்பு. எங்கள் ஊரில் பெரிய வாய்க்கால் வெள்ளை நகரத்தையும் தமிழர் தெருக்களையும் பிரித்ததே, அதுபோல. எங்களுடையது இன்னும் மழைக்காலத்தில் நாறுகிறது. அவர்கள் 1910-களிலேயே தூர்த்துச் சாலையாக்கிவிட்டார்கள். இப்போது அது யான்ஆன் சாலை. அதன் வழியே போய் ஹுவாங்பு ஆற்றங்கரைக்கு வந்தோம். உலகமே 'பண்ட்' என்று சொல்லும் கரை. அந்தச் சொல் இந்தியாவிலிருந்து போனது. நம் பொதுப்பணித் துறைக்காரர்கள் ஏரிக்கரையைச் சொல்வார்களே, அதே பண்ட்தான். இந்தக் கரையில் கல்லில் கட்டிய பழைய வங்கிகள், எதிர்க்கரையில் மேகத்துக்குள் தலையை விட்டு நிற்கும் கோபுரங்கள். விளக்கு ஏறியதும் கூட்டம் மொத்தமும் 'ஓ' என்றது, நானும்தான். கரையோரம் ஒருவர் பெரிய வாணலியில் கருமணலைப் போட்டுச் செஸ்ட்நட் கொட்டைகளை வறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கடற்கரைக் கடலை வண்டியின் அதே 'கரக் கரக்' சத்தம். பொட்டலம் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், விரல்களுக்கு அடுப்பாயிற்று. நாறும் தோஃபு விற்கும் கடையைக் கடக்கும்போது தங்கை மகன் மூக்கைப் பொத்தினான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டில் வளர்ந்த மூக்கு.

சனிக்கிழமை மக்கள் பூங்காவில் கண்டதை நம்பவே முடியவில்லை. நடைபாதை நெடுக விரித்த குடைகள், மழையே இல்லை. ஒவ்வொரு குடை மேலும் ஒரு காகிதம். பின்னால் சின்ன முக்காலியில் அப்பாவோ அம்மாவோ. பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா என்று எழுதியிருக்கிறது. வரன் சந்தை! பிள்ளைகள் வருவதில்லை, பல பிள்ளைகளுக்கு விஷயமே தெரியாதாம். ஜாதகக் கட்டம் இல்லையே தவிர, பெண் ஆடு வருஷத்தில் பிறந்தவளா, பையன் புலி வருஷமா என்று பொருத்தம் பார்ப்பவர்கள் உண்டு. ஓர் அம்மா தங்கை மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் என் பின்னால் ஒளிந்தான். நான் அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்புச் செயலி வழியாக, "பெண்ணுக்கு எத்தனை வயது?" என்று கேட்டேன். "முப்பத்து மூன்று" என்றார். பெருமூச்சுவிட்டார். அந்தப் பெருமூச்சுக்குச் செயலி தேவைப்படவில்லை.

கடைசி நாளைத்தான் டூப்ளேவுக்கு வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெளிந்த வெயில். ஹுவாய்ஹாய் சாலை, வுகாங் சாலை சேரும் முனையில் கப்பல் மூக்குபோல ஒரு எட்டு மாடிக் கட்டடம், லாஸ்லோ ஹுடெக் வடிவமைத்து 1924-ல் கட்டியது. அதைப் படமெடுக்க நூறு பேர் நிற்கிறார்கள். அங்கிருந்து வுகாங் சாலைக்குள் திரும்பியதும் என் கால் தானாக நின்றது. இருமருங்கும் பிளேன் மரங்கள் தலைக்கு மேல் கோத்து நிற்கின்றன. பட்டை உரிந்து வெள்ளையும் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக, அப்படியே கொய்யா மரத்துப் பட்டை! ஊர்க்காரர்கள் இதை 'பிரெஞ்சு வூதோங்' என்கிறார்கள். பிரெஞ்சுப் பகுதியில் வரிசையாக நட்டதால் வந்த பெயர். இலைகளோ, மஞ்சள் என்றால் என்ன மஞ்சள்! பொங்கலுக்கு வாங்குகிற மஞ்சள் கொத்தை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறத்திலிருந்து வெல்லப்பாகு நிறம் வரை. நடைபாதை முழுக்கக் கணுக்கால் அளவுக்குக் கிடந்தன, நடந்தால் அப்பளம்போல நொறுங்கின. "யாரும் பெருக்கலையா?" என்றேன். வேண்டுமென்றே பெருக்குவதில்லையாம்! 2013-லிருந்து இந்தப் பருவத்தில் சில தெருக்களில் குப்பையை மட்டும் பொறுக்கிவிட்டு இலைகளை அப்படியே விடுகிறார்கள், ஜனங்கள் பார்த்து மகிழ. விடிந்ததும் வாசலில் ஓர் இலை கிடந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று பதறுகிற ஊர்க்காரி நான். எனக்கு அந்தத் தெரு முழுவதையும் அள்ளி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வுகாங் சாலையிலிருந்து பிரிகிறது அந்தத் தெரு. நீல–வெள்ளைப் பலகையில் சீன எழுத்து. "அன்ஃபு சாலை" என்று படித்தான் தங்கை மகன். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 1915-ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டு டூப்ளேவின் பெயரை வைத்தார்கள். 1943-ல் பிரெஞ்சுப் பகுதி கைமாறியபோது தெருப்பெயர்கள் எல்லாம் மாறின. இதற்கு ஜியாங்ஷி மாகாணத்து ஊரான அன்ஃபுவின் பெயர். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அமைதி, நற்பேறு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். ஒரு கல்லிலாவது, ஒரு கதவு எண்ணுக்குக் கீழேயாவது பழைய பெயர் இருக்காதா என்று தேடினேன். இல்லை. ரொட்டிக் கடை, நாடக அரங்கு, காபிக் கடைகள். எங்கள் வெள்ளை நகரத்து மஞ்சள் சுவரில் சாய்ந்து படமெடுக்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் பிள்ளைகளைப்போலவே, இங்கும் மரத்தில் சாய்ந்து படமெடுக்கும் பிள்ளைகள். எங்களிடம் பெயர்கள் இருக்கின்றன. ஊர் இந்தியாவோடு சேர்ந்த 1954 நவம்பர் 1-க்குப் பிறகும் துய்மா தெருவும் சுஃப்ரேன் தெருவும் நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் அப்படியே நிற்கின்றன. இவர்கள் பெயரை உதிர்த்துவிட்டு மரத்தை வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஏமாற்றமே இல்லை. அந்த மரங்களுக்குக் கீழே நடக்கும்போது அதுவே சரி என்று பட்டது.

மணி ஒன்பதேகால். ஊரில் ஆறே முக்கால். கடற்கரைச் சாலையில் வண்டிகளை ஏழரைக்குத்தான் விடுவார்கள், வீட்டுக்காரர் நடை போய்க்கொண்டிருப்பார். வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். திரை முழுக்கச் சாம்பல் கடலும் மழை மேகமும். "எங்க இருக்கீங்க?" "டூப்ளே பக்கத்துல" என்றார். "நானும்தான்" என்றேன். போனைத் திருப்பிச் சிலையைக் காட்டினார். மழையில் நனைந்து, பின்னால் பசபசவென்று மரங்களோடு நின்றார் முசே டூப்ளே. நான் என் போனைத் திருப்பி அவருக்கு அவருடைய தெருவைக் காட்டினேன்.

சந்து வாசலில் முக்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்த பாட்டி, வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்தபடி எட்டிப் பார்த்தார். "வாங்க ஆயி" என்று தமிழிலேயே சொல்லிப் போனை அவர் பக்கம் சாய்த்தேன். தங்கை மகன் அந்தச் சிலை யாருடையது, இந்தத் தெருவுக்கு என்ன பெயர் இருந்தது என்றெல்லாம் சீனத்தில் சொல்ல ஆரம்பித்தான். பாட்டி அவனைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சிலையையும் பார்க்கவில்லை. திரையில் சிலைக்குப் பின்னால் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"என்னடா கேக்கறாங்க?"

"நவம்பர் மாசத்துலயும் மரம் இப்படிப் பச்சையா இருக்கே, உங்க ஊர்ல இலையே உதிராதான்னு கேக்கறாங்க பெரியம்மா."

"உதிரும்னு சொல்லு. விடியறதுக்குள்ள பெருக்கிடுவோம்னு சொல்லு."

அவன் சொன்னான். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து, அய்யோ பாவம் என்று தலையை ஆட்டினார்.